ஆப்பிரிக்கக் கிராமங்களில் ‘சேமிப்புக் குழு’ என்பது என்ன? சிறுதொழிலுக்கு அது எப்படி உதவுகிறது?

பதினைந்து, இருபது பேர் பெரும்பாலும் வாரம் ஒருமுறை கூடி, ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, அதையே தங்களுக்குள் கடனாகச் சுற்றவிடும் ஏற்பாடு இது. இன்று பரவியிருக்கும் வடிவம் 1991-ல் நைஜர் நாட்டின் மராடி பகுதியில், கேர் (CARE) என்ற பன்னாட்டுத் தொண்டு நிறுவனத்தின் முயற்சியால் பெண்களிடையே தொடங்கியது.

வங்கி இருக்க, இது எதற்கு? காரணம் எளிது. சின்னத் தொகைக்குக் கணக்கு எழுதும் செலவே வங்கிக்குக் கட்டாது. கிளையும் தொலைவில் இருக்கும். நிலக்கடலை வாங்கி எண்ணெய் எடுத்து விற்கும் பெண்ணுக்குத் தேவை ஓரிரு மூட்டைக்கான பணம்தான், அதுவும் அறுவடையில் விலை மலிந்திருக்கும்போது.

வீட்டு உண்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் குழுவின் பணப் பெட்டிக்கு மூன்று பூட்டு. சாவிகள் மூன்று பேரிடம். எல்லோர் கண்முன்னேதான் திறப்பார்கள். (எனக்குப் பிடித்ததே இந்தப் பூட்டுத் தந்திரம்தான்.) கடன் வாங்கியவர் கட்டும் வட்டியும் அந்தப் பெட்டிக்கே திரும்பும், ஆண்டுக் கடைசியில் அவரவர் போட்ட பங்குக்கு ஏற்பப் பிரித்துக்கொள்வார்கள். ஆடு வாங்கவோ கடைக்குச் சரக்கு எடுக்கவோ அது கைகொடுக்கும்.

பலர் இதை வெளிநாட்டு நன்கொடை என்று நினைக்கிறார்கள். இல்லை, தொண்டு நிறுவனம் சொல்லிக்கொடுப்பது முறையைத்தான், பெட்டியில் இருப்பது உறுப்பினர்களின் சொந்தக் காசு.