கியர்பாக்ஸை இறக்கும் முன்: ஆயில் ஒழுகல் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: இன்ஜினும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்குக் கீழே ஆயில் சொட்டுகிறது. கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். இன்ஜினின் மேல் மூடியான டேப்பெட் கவரின் பேக்கிங் போனாலும் ஆயில் இன்ஜினின் பின்பக்கமாக வழிந்து அங்கேதான் வந்து சொட்டும். நன்றாகக் கழுவித் துடைத்து, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மேலிருந்து பாருங்கள். ஈரம் எந்த உயரத்தில் தொடங்குகிறதோ அதுதான் இடம். நானே ஒரு முறை கியர்பாக்ஸை இறக்கிய பிறகுதான் மேலே பார்த்தேன். சிரிக்காதீர்கள்.

கேள்வி: சொட்டுவது இன்ஜின் ஆயிலா, கியர்பாக்ஸ் ஆயிலா?

பதில்: சிவப்பாக இருந்தால் பெரும்பாலும் கியர்பாக்ஸ் ஆயில், டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) கியர்பாக்ஸின் ஆயில் பம்புக்குள் நுழையும் இடத்திலுள்ள பம்ப் சீலைச் சந்தேகிக்கலாம். கறுப்பு என்றால் பெரும்பாலும் இன்ஜின் ஆயில், மேலே ஈரம் இல்லையென்றால் கிராங்க் ஷாஃப்ட்டின் (இன்ஜினின் முக்கியச் சுழல் தண்டு) பின் சீலைச் சந்தேகிக்கலாம். ஆனால் கியர்பாக்ஸ் ஆயிலும் பழசானால் பழுப்பாகிவிடும், எல்லா வண்டியிலும் அது சிவப்பும் இல்லை. எந்த ஆயிலின் அளவு குறைகிறது என்று பார்ப்பதே நம்பகமான வழி.

கேள்வி: அண்ணா, வீட்டிலேயே தனியாக இறக்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. கியர்பாக்ஸுக்கான ஜாக்கும் கூட ஓர் ஆளும் இல்லாமல் தொடாதீர்கள். வண்டி ஸ்டாண்டில் நிற்க வேண்டும், பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றியிருக்க வேண்டும். இன்ஜின் குறுக்காக இருக்கும் வண்டியில் இன்ஜினை மேலிருந்து தாங்கிப் பிடிக்கவும் வேண்டும்.

கேள்வி: கழற்றும்போது கன்வெர்ட்டர் இன்ஜின் பக்கமே நிற்குமா, கியர்பாக்ஸோடு வருமா?

பதில்: கியர்பாக்ஸோடுதான் வர வேண்டும். ஃப்ளெக்ஸ் பிளேட்டோடு (கிராங்க்கின் பின் முனையில் உள்ள தட்டு) கன்வெர்ட்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை, கிராங்க்கைத் திருப்பித் திருப்பி ஒவ்வொன்றாக முதலில் கழற்றிவிடுங்கள். கியர்பாக்ஸை முன்பக்கம் சாய்த்தால் கன்வெர்ட்டர் நழுவி விழும், ஆயிலும் கொட்டும்.

திரும்ப மாட்டும்போதுதான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். கன்வெர்ட்டரை உள்ளே தள்ளிக்கொண்டே சுற்றினால் 'டொக், டொக்' என்று படிப்படியாக இறங்கும். பெரும்பாலான வண்டிகளில் கடைசியாக உட்காருவது பம்ப். அதில் உட்காராமலேயே பெல் ஹவுசிங் (இன்ஜினோடு சேரும் கியர்பாக்ஸின் முன்கூடு) போல்ட்டுகளை இறுக்கினால் பம்ப் உடைந்துவிடும். கியர்பாக்ஸ் இன்ஜினோடு கைத்தள்ளலிலேயே இடைவெளியின்றிச் சேர வேண்டும். சேர்ந்த பிறகு கன்வெர்ட்டர் தாராளமாகச் சுற்ற வேண்டும். சேரவில்லையென்றால் போல்ட்டால் இழுக்காதீர்கள், திரும்ப வெளியே எடுங்கள்.

கேள்வி: பம்ப் சீல் மட்டும் மாற்றினால் போதுமா?

பதில்: கிராங்க்கின் பின் சீலையும் சேர்த்தே மாற்றுங்கள். சீல் விலை கொஞ்சம், இறக்கி ஏற்றும் கூலிதான் அதிகம். சீலுக்குள் நுழையும் கன்வெர்ட்டர் கழுத்தில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பள்ளம் தட்டினால் புது சீலும் நிற்காது. அந்தக் கழுத்தைத் தாங்கும் பம்ப் புஷ் தேய்ந்திருந்தாலும் அதே கதைதான்.

கேள்வி: மெக்கானிக் பின் சீலை மாற்றினார். மறுபடி இன்ஜின் ஆயில் ஒழுகுகிறது!

பதில்: பிசிவி வால்வு (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் வால்வு) அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அடைத்தால் இன்ஜினுக்குள் அழுத்தம் ஏறி, நல்ல சீல் வழியாகவும் ஆயிலைத் தள்ளும்.

கேள்வி: ஒழுகலை நிறுத்தும் திரவம் ஊற்றலாமா?

பதில்: இறுகிப்போன ரப்பரைச் சில நாள் இளக்கும். கிழிந்த சீலை ஒட்டாது.