ரிங்கோவின் ஸ்டூலில் பத்து நாள்

'பெரிய ராக் பேண்டில் ஒருவருக்குப் பதிலாகக் கொஞ்ச நாள் மட்டும் வாசித்தவர் யாராவது உண்டா, அவருக்கு அந்த அனுபவம் எப்படி இருந்தது?' என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் ஜிம்மி நிக்கோல். 1964 ஜூனில் இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவுக்கு டிரம்ஸ் வாசித்தவர்.

நான் மெல்லிசைக் கச்சேரிகளில் டிரம்ஸ் வாசித்தவன். 'அவருக்கு உடம்பு சரியில்லை, நீ வந்துடு' என்று சாயங்காலம் போன் வரும். ஏழு மணிக்கு மேடையில் அடுத்தவர் டிரம் கிட்டில் உட்கார்ந்திருப்பேன். ஸ்டூல் அவர் உயரத்துக்கு இருக்கும், சிம்பல் அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கும். முதல் பாட்டு முடியும்வரை உள்ளங்கை ஈரம் காயாது. அதனால் நிக்கோல் கதை எனக்கு வெறும் துணுக்குச் செய்தி இல்லை.

ஜூன் 3. லண்டன் பார்ன்ஸில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்த இடத்தில் பீட்டில்ஸின் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் சுருண்டு விழுந்தார். கடுமையான டான்சில் வீக்கம். நேராக மருத்துவமனை. மறுநாளே கோபன்ஹேகனில் கச்சேரி. அங்கிருந்து நெதர்லாந்து, ஹாங்காங், ஆஸ்திரேலியா என்று வரிசையாக ஒப்புக்கொண்டாயிற்று. ரிங்கோ இல்லாவிட்டால் அது பீட்டில்ஸே இல்லை, நான் வரமாட்டேன் என்று குழுவின் கிதார்காரர் ஜார்ஜ் ஹாரிசன் முரண்டு பிடித்தார். மேனேஜர் பிரையன் எப்ஸ்டைனும் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் பேசிப் பேசித்தான் அவரைச் சம்மதிக்க வைத்தார்கள்.

நிக்கோல் பெயரைச் சொன்னவர் மார்ட்டின். வயது 24, ஸ்டூடியோக்களில் வாசிக்கிறவர். பீட்டில்ஸ் பாட்டுகளை வேறு ஆட்களை வைத்துப் பதிந்து மலிவு விலைக்கு விற்ற ஒரு ரெக்கார்டுக்கு அவர்தான் டிரம்ஸ். ஆக, பாட்டுகள் ஏற்கெனவே அவர் கையில் இருந்தன. 'அதிர்ஷ்டக்காரர்' என்று எழுதுகிறவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். ஆபி ரோடு ஸ்டூடியோவில் அன்றைக்கே ஆறு பாட்டு ஒத்திகை, அவ்வளவுதான். மறுநாள் மாலை ரிங்கோவின் சூட்டைப் போட்டுக்கொண்டு கோபன்ஹேகன் மேடை ஏறினார். கால்சட்டை நீளம் பத்தவில்லை.

ரிங்கோ மாதிரி வாசிப்பது லேசான காரியம் இல்லை. அவர் இடதுகைக்காரர். ஆனால் வலதுகைக்காரருக்கு அமைத்த கிட்டில்தான் வாசிப்பார். அதனால் டாம்களில் (கிட்டில் உள்ள சிறு டிரம்களில்) உருட்டும்போது அவர் கை போகிற வழியே தனி. இதற்கு மேல் கூச்சல் வேறு. வாசிப்பவர்களுக்கே பாட்டு கேட்கும்படி அவர்கள் பக்கம் திருப்பி வைக்கிற மானிட்டர் ஸ்பீக்கர் அப்போது மேடையில் கிடையாது. ரசிகைகள் கத்துகிற கத்தலில் பாடுவது டிரம்மர் காதில் சரியாக விழாது. முன்னால் நிற்பவர்களின் முதுகையும் தலையாட்டலையும் பார்த்துத்தான் பாட்டு எந்த வரியில் போகிறது என்று பிடிக்க வேண்டும். பல வருஷம் கூட வாசித்தவருக்கு அது பழகிப்போன முதுகு. நிக்கோல் அவர்களோடு சேர்ந்து வாசிக்க ஆரம்பித்து முழுதாக இரண்டு நாள்கூட ஆகவில்லை.

குழுவின் ஜான் லென்னனும் பால் மெக்கார்ட்னியும் கச்சேரி முடிந்ததும் நிக்கோலிடம் 'எப்படிப் போகுது?' என்று கேட்பார்களாம். 'பரவாயில்லை, போகப்போகச் சரியாகிட்டு வருது' என்பதுதான் எப்போதும் பதில். பாலுக்கு அது மனதில் தங்கிவிட்டது. 1967-இல் வந்த 'கெட்டிங் பெட்டர்' ('சரியாகிட்டு வருது') பாட்டு அந்த வார்த்தையிலிருந்து பிறந்ததுதான்.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் தெருவில் மூன்று லட்சம் பேர் திரண்டார்கள் என்பார்கள். ஜூன் 13-ஆம் தேதி அங்கே நிக்கோலுக்குக் கடைசிக் கச்சேரி. 14-ஆம் தேதி ரிங்கோ மெல்போர்ன் வந்து சேர்ந்தார். தன்னை விட்டுவிட்டு மற்றவர்கள் போனதில் அவருக்கும் மனசு கஷ்டப்பட்டிருக்கிறது. தன்மேல் அவர்களுக்குப் பிரியம் போய்விட்டதோ என்று நினைத்தாராம். 15-ஆம் தேதி விடிகாலை நிக்கோல் கிளம்பினார். மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருந்ததால் சொல்லிக்கொள்ளக்கூட முடியவில்லை. விமான நிலையத்தில் எப்ஸ்டைன் 500 பவுண்டும், நன்றி என்று பொறித்த ஒரு தங்கக் கைக்கடிகாரமும் கொடுத்து அனுப்பினார். அங்கே அவர் தனியாக உட்கார்ந்திருக்கிற ஒரு படம் உண்டு.

1965-இல் அவர் திவாலானார், கடன் 4,066 பவுண்ட். பிறகு ஸ்வீடனின் ஸ்பாட்னிக்ஸ் குழுவில் வாசித்தார். இதை வைத்து அவரைப் பரிதாபத்துக்குரியவராகவே எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு நாள் அவகாசத்தில் போய், ஒரு கச்சேரிகூட நிற்காமல் காப்பாற்றிக் கொடுத்த கலைஞர் அவர். அவரைப் பற்றிப் பேசும்போது முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான்.

ஜூன் 5-ஆம் தேதி நெதர்லாந்தின் ஹில்லெகோமில் எடுத்த தொலைக்காட்சி நிகழ்ச்சி இணையத்தில் கிடைக்கிறது, தேடிப் பாருங்கள். இசை ரெக்கார்டிலிருந்து ஒலிக்கிறது, அதோடு சேர்ந்து இவர்கள் வாசிக்கிறார்கள். ரெக்கார்டில் கேட்பது ரிங்கோவின் டிரம்ஸ், திரையில் தெரிவது நிக்கோலின் கை. கடைசிப் பாட்டில் ரசிகர்கள் மேடையில் ஏறிவிடுகிறார்கள். நெரிசல் தாங்காமல் ஜான், பால், ஜார்ஜ் மூவரையும் மேடையை விட்டு வெளியேற்றுகிறார்கள். ரெக்கார்டு ஓடிக்கொண்டே இருக்கிறது. பின்னால் நிக்கோல் மட்டும், பாட்டு முடிகிறவரை, குச்சியைக் கீழே வைக்காமல் வாசித்துக்கொண்டிருக்கிறார்.