அடிக்கல்லில் 'ஏ.எல். 5858': ஆண்டுக் கணக்கும் லாட்ஜ் எண்ணும்

லாட்ஜின் அடிக்கல்லில் ஆண்டு 'ஏ.எல். 5858' என்று இருக்கிறதே, பிழையா என்று கேட்டிருந்தீர்கள். ஏ.எல். என்றால் 'அன்னோ லூசிஸ்', அதாவது 'ஒளியின் ஆண்டு'. 5858-இலிருந்து 4000-ஐக் கழியுங்கள், 1858 வரும். உலகம் கி.மு. 4000-இல் படைக்கப்பட்டதாக வைத்து ஆண்டு எண்ணுவது ஃப்ரீமேசன் என்ற சகோதரத்துவ அமைப்பின் கிளைகளான லாட்ஜ்களின் பழைய வழக்கம். கல்லில் பிழை இல்லை.

அப்புறம், லாட்ஜின் எண் கல்லில் ஒன்றாகவும் 1870 அறிக்கையில் வேறாகவும் இருப்பது ஏன் என்றும் கேட்டிருந்தீர்கள். அந்த லாட்ஜ், லாட்ஜ்களுக்கெல்லாம் தலைமையான இங்கிலாந்து கிராண்ட் லாட்ஜைச் சேர்ந்தது என்றால், பெரும்பாலும் 1863-இல் எண்களை மாற்றியதுதான் காரணம். மூடிய லாட்ஜ்களால் வரிசையில் விழுந்த இடைவெளிகளை அடைத்து, மற்றவற்றுக்குப் புது எண் கொடுத்தார்கள். 1832-இலும் இதேபோல் நடந்தது. அதனால் இரண்டு தனித்தனி லாட்ஜ்கள் என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். உள்ளூர் வரலாற்றில் ஒருமுறை ஏறிவிட்டால் அந்தத் தவறு இறங்கவே இறங்காது.

ஜான் லேன் தொகுத்த லாட்ஜ் பதிவேடு இணையத்தில் இருக்கிறது. லாட்ஜின் பெயரைக் கொடுத்துத் தேடுங்கள். பழைய எண், புது எண், கூடிய இடங்கள் எல்லாம் ஒரே பதிவில் கிடைக்கும். பெயரும் மாறியிருக்கலாம், ஆகவே இடத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒன்று மட்டும் கவனம்: ஃப்ரீமேசன்களின் இன்னொரு பிரிவான ராயல் ஆர்ச்சின் கிளைகளுக்கு (சாப்டர்கள்) இந்த ஆண்டுக் கணக்கு பொருந்தாமல் போகலாம். அவர்கள் பல இடங்களில் கி.பி. ஆண்டோடு 530-ஐக் கூட்டுவார்கள். 1858 அங்கே 2388. ஸ்காட்லாந்து, அயர்லாந்து கிராண்ட் லாட்ஜ்களுக்கு லாட்ஜ் எண் வரிசையே தனி.