கேபிளை முறுக்கினால் ஹேண்ட் பிரேக் பிடிக்குமா?

கேள்வி: கோத்தகிரியில் வீடு. வாசலே சரிவுதான். கார் சின்னது, வாங்கி 10 வருடம் ஆகிறது, பின்சக்கரங்களில் டிரம் பிரேக். ஹேண்ட் பிரேக்கை 11 ‘கிளிக்’ இழுத்தாலும் வண்டி மெல்ல இறங்குகிறது. லீவருக்கு அடியில் உள்ள கேபிள் நட்டை இரண்டு முறை முறுக்கிவிட்டேன். சில வாரம் பிடித்தது, பிறகு பழையபடி. ஷூவை நானே மாற்றலாமா?

பதில்: மாற்றலாம். ஸ்பானர் பிடித்துப் பழகிய கைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. ஆனால் அந்தக் கேபிள் நட்டை இனி முறுக்காதீர்கள். வினையே அங்கேதான்.

உங்கள் வண்டியின் பின்சக்கரங்களில் கால் பிரேக்குக்கும் ஹேண்ட் பிரேக்குக்கும் ஒரே ஜோடி ஷூதான் (டிரம்மின் உட்புறத்தில் அழுத்திப் பிடிக்கும் வளைந்த தகடு). பெடலை மிதித்தால் வீல் சிலிண்டர் அதைத் தள்ளும். கையால் இழுத்தால் ஷூவோடு சேர்ந்த ஒரு சிறு லீவரைக் கேபிள் இழுக்கும். ஷூவின் மேலுள்ள உராய்வுப் பட்டையான லைனிங் தேயத் தேய ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடும். அதை அவ்வப்போது குறைக்கத்தான் உள்ளே அட்ஜஸ்டர் இருக்கிறது. கேபிளை அளவுக்கு மீறி முறுக்கினால் அந்தச் சிறு லீவர் தன் இடத்துக்குத் திரும்பாமல் பாதி இழுபட்டே நிற்கும், அட்ஜஸ்டர் முடங்கிவிடும். தேய்மானம் தொடரும், இடைவெளி வளரும், நீங்கள் மறுபடி ஸ்பானரைத் தேடுவீர்கள். அதனால் ஷூ முதலில், கேபிள் கடைசியில்.

இந்த வேலையைச் சரிவில் செய்யவே கூடாது, சமதரைக்குக் கொண்டுபோங்கள். ஹேண்ட் பிரேக்கை விடுவித்துத்தான் டிரம்மைக் கழற்ற முடியும் என்பதால், வண்டியைப் பிடித்து நிறுத்துவது முன்சக்கரங்கள் மட்டுமே. முதல் கியரில் போட்டு, முன்டயர்களுக்கு இருபுறமும் கட்டை வையுங்கள். (பின்சக்கர இழுவை வண்டி என்றால், பின்பக்கத்தைத் தூக்கிய பிறகு கியரை நம்பிப் பயனில்லை.) வீல் நட்டுகளை டயர் தரையில் இருக்கும்போதே தளர்த்துங்கள். தூக்குவதற்கு மட்டும்தான் ஜாக்கி, தாங்குவதற்கு ஸ்டாண்ட்.

அடுத்து, கேபிள் நட்டை நன்றாகத் தளர்த்துங்கள். டிரம் லேசில் வராது, பழசானால் உள்விளிம்பில் மேடு தட்டியிருக்கும். முகப்பில் மரையுள்ள இரண்டு துளைகள் இருந்தால், பொருத்தமான போல்ட்டை மாறிமாறி முறுக்குங்கள், டிரம் தானாக வெளியே வரும். பல வண்டிகளில் அது 8 மி.மீ. போல்ட். சுத்தியலால் விளிம்பில் ஓங்கி அடிக்காதீர்கள், வார்ப்பிரும்பு தெறித்துவிடும். நடுவில் தகர மூடியும் அதற்குள் பெரிய நட்டும் இருந்தால், வீல் பேரிங் டிரம்மோடு சேர்ந்தது என்று அர்த்தம். அந்த நட்டுக்கென்று முறுக்கு அளவு உண்டு. டார்க் ஸ்பானர் இல்லாதவர்கள் அங்கேயே நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிடுவதுதான் புத்திசாலித்தனம்.

உள்ளே இருக்கும் கரும்பொடியை ஊதாதீர்கள், காற்றடிக்கவும் வேண்டாம். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம். பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள். வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை லேசாகத் தூக்கிப் பாருங்கள். ஈரம் கசிந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்; எண்ணெய் குடித்த ஷூ எத்தனை கனமாக இருந்தாலும் பிடிக்காது. டிரம் உட்புறம் வரிவரியாக இருந்தால் லேத்தில் கடையலாம், ஆனால் அதிகபட்ச விட்டம் டிரம்மிலேயே பொறித்திருக்கும். அதைத் தாண்டினால் புது டிரம்தான். அம்பாசடர் காலத்தில் லைனிங்கை மட்டும் ரிவெட் அடித்து மாற்றினோம். இப்போது ஷூவையே செட்டாக, இரு பக்கத்துக்கும் சேர்த்து வாங்குங்கள்.

ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கத்தைத் திறங்கள். ஸ்பிரிங் எந்தத் துளையில் மாட்டியிருந்தது என்று குழம்பினால், பிரிக்காத பக்கம்தான் விடை சொல்லும். முன்கூட்டியே போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். டிரம் வெளியே இருக்கும்போது பெடலில் யாரும் கால் வைக்கக் கூடாது, வீல் சிலிண்டரின் பிஸ்டன் தெறித்து வந்துவிடும். சிறு லீவரைப் பழைய ஷூவிலிருந்து புதியதற்கு மாற்ற வேண்டி வரலாம். நட்சத்திரப் பல் உள்ள அட்ஜஸ்டர் என்றால் இடது வலது மாற்றிப் போடாதீர்கள், மரை எதிரெதிர். பின்தகட்டில் ஷூ உரசும் மேடுகளில் மட்டும், சூடு தாங்கும் கிரீஸை விரல்நுனி அளவு தடவுங்கள். லைனிங்கில் கிரீஸ் படவே கூடாது.

டிரம்மை மாட்டும்போது ஷூ மெலிதாக உரசும் அளவுக்கு அட்ஜஸ்டரைத் திருப்பி வையுங்கள். இரண்டு டிரம்மும் ஏறிய பிறகு பெடலை 15, 20 முறை அழுத்தினால் மீதி இடைவெளி அடங்கும். அதற்குப் பிறகுதான் கேபிள் நட்டு: பெரும்பாலான கார்களில் 5 முதல் 8 கிளிக்குக்குள் பிடிக்க வேண்டும், உங்கள் வண்டியின் கையேடு சொல்வதே இறுதி. லீவரை இறக்கியதும் இரு சக்கரங்களும் கையால் தங்குதடையின்றிச் சுழல வேண்டும். சுழலவில்லையா? நட்டைத் திருப்பித் தளர்த்துங்கள்.

சமதரையில் பிரேக்கைச் சோதித்த பிறகே சாலைக்குப் போங்கள். சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இரண்டு பின்சக்கரங்களின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்றில் மட்டும் அனல் வீசினால் அந்தப் பக்கம் ஷூ இழுக்கிறது. புது லைனிங் டிரம்மோடு படிய நாளாகும், இரண்டு வாரம் கழித்துக் கிளிக்கை மறுபடி எண்ணுங்கள்.

அதுவரை மட்டுமல்ல, எப்போதுமே உங்கள் வாசலில் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். முகம் மேடு பார்த்து நின்றால் முதல் கியர், பள்ளம் பார்த்து நின்றால் ரிவர்ஸ் கியர், டயருக்கு அடியில் ஒரு கல்.