வயிற்றில் பிள்ளை, வாரம் மூன்று ஊர்

கேள்வி: எனக்கு 29 வயது. நுண்கடன் நிறுவனம் ஒன்றில் தணிக்கைப் பிரிவில் வேலை. வீடு திருச்சியில், வாரத்தில் மூன்று நாள் திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் என்று கிளைகளுக்குப் போய்வர வேண்டும். இது முதல் குழந்தை, இப்போது 21-வது வாரம். ஸ்கேனில் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். பஸ்ஸில் குலுங்கினால் பிள்ளைக்கு ஆகாது, வேலையை விட்டுவிடு என்கிறார் மாமியார். மேலதிகாரி, இன்னும் மூன்று மாதம் சமாளியுங்கள் என்கிறார். நான் என்ன செய்யட்டும்?
- வாசகி, திருச்சி

பதில்: வேலையை விடாதீர்கள் அம்மா. அதற்காக மேலதிகாரி கேட்கும் மூன்று மாதத்துக்கும் அப்படியே தலையாட்டிவிடாதீர்கள்.

நல்லபடியாக இருக்கும் கர்ப்பம் பஸ் குலுங்கியதால் கலைந்துவிடாது. நான் பயப்படுவது வேறு விஷயத்துக்கு. வெளியூர் வேலைக்குப் போகும் கர்ப்பிணிகள் என்னிடம் வந்தால் முதலில் தண்ணீரைப் பற்றித்தான் கேட்பேன். காலையில் ஒரு டம்ளர் காபியோடு கிளம்பியவர், போகிற இடத்தில் கழிப்பறை இருக்குமோ இருக்காதோ, பஸ் ஸ்டாண்டில் இருப்பதற்குள் காலை வைக்க முடியுமோ என்று யோசித்தே சாயங்காலம் வரை தண்ணீர் குடிக்காமல் இருப்பார், வந்ததையும் அடக்கிக்கொள்வார். கர்ப்ப காலத்தில் சிறுநீர்த் தொற்று எளிதில் வரும், கவனிக்காவிட்டால் சிறுநீரகம் வரை ஏறும், குறைமாதப் பிரசவத்தில் கூடக் கொண்டுபோய் விடலாம். எந்தக் கிளையில் பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை இல்லையோ அந்தக் கிளைக்குப் போக முடியாது என்று எழுதியே கொடுங்கள். இதைக் கேட்க வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

நீங்கள் சொன்ன மூன்று ஊருக்கும் திருச்சியிலிருந்து ரயில் இருக்கிறது. ரயிலில் கழிப்பறை இருக்கும், மணிக்கு ஒருமுறை எழுந்து நாலு எட்டு நடக்கலாம். நடப்பது முக்கியம், ஏனென்றால் கர்ப்பிணிகளுக்கு ரத்தம் உறையும் தன்மை கூடுதல், பல மணி நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் காலில் ரத்தக்கட்டி சேரலாம். பஸ்தான் என்றால் பின்சக்கரத்துக்கு மேல் உள்ள இருக்கையும் கடைசி வரிசையும் வேண்டாம். காரில் பெல்ட்டைப் போடாமல் விடாதீர்கள். கீழ்ப்பட்டை வயிற்றுக்குக் கீழே தொடையோடு படியட்டும், மேல்பட்டை மார்புக்கு நடுவே போகட்டும். அப்புறம், கர்ப்பப் பரிசோதனை அட்டையும் ஸ்கேன் முடிவும் எப்போதும் கைப்பையில் இருக்கட்டும்.

இப்போதிலிருந்து 28-வது வாரம் வரை, பெரும்பாலோருக்கு இதுதான் அலைய ஏற்ற காலம். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தாலோ, நச்சுக்கொடி கீழே இறங்கியிருந்தாலோ, பிரஷர் ஏறியிருந்தாலோ இந்தக் கணக்கு மாறும், உங்கள் டாக்டர் சொல்வதுதான் முடிவு. 24-லிருந்து 28-க்குள் சர்க்கரைப் பரிசோதனை இருக்கிறது. அந்த நாளை வேலைக்காகத் தள்ளிப்போடவே கூடாது.

28-க்கு அப்புறம் திருச்சியிலேயே இருந்து கோப்புகளைப் பார்க்கிறேன் என்று இப்போதே மின்னஞ்சலில் கேளுங்கள். வாயால் சொன்னது நிற்காது. பிரசவத்துக்கு ஆறு வாரம் முன்பு முடியும் அந்த ஒரு மாதத்தில், அதாவது ஏறக்குறைய 30-வது வாரத்திலிருந்து, நீங்கள் கேட்டுக்கொண்டால் உடலை வருத்தும் வேலை தரக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு உண்டு. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்னாலேயே எடுக்கலாம். வேலையை விட்டால் இதெல்லாம் கையை விட்டுப் போய்விடும்.

ரத்தப்போக்கு, நீர்க்கசிவு, விடாத தலைவலி, கண் மங்கல், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சுத்திணறல், பிள்ளை அசைவு குறைவது, இதில் ஒன்று தெரிந்தாலும் ஊர் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். இருக்கும் ஊரிலேயே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

அடுத்த பரிசோதனைக்கு மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்கு இருப்பது அக்கறையில் வந்த பயம். குலுக்கலைப் பற்றி டாக்டரிடம் அவரே கேட்கட்டும்.