கையுறைக்காகக் காத்திருக்காதீர்கள்

அன்புள்ள டாக்டர்,
முதுகுத்தண்டில் அடிபட்ட என் தம்பிக்கு நான்தான் கதீட்டர் போட்டு யூரின் எடுக்கிறேன். ஸ்டெரைல் கையுறை தீர்ந்துபோனால் வாங்கி வரும்வரை தள்ளிப்போடுவேன். சில நாள் பத்து மணி நேரம்கூட ஆகிவிடும். இவ்வளவு சுத்தம் பார்த்தும் அடிக்கடி கிருமித்தொற்று. சிறுநீர்ப்பையில் ரத்த ஓட்டம் குறைவதும் காரணமாம். அந்த ஓட்டத்தை உடம்பு எப்படிக் கட்டுப்படுத்துகிறது? பீட்ரூட் சாறு கொடுத்தால் கூடுமா?
ச.

அன்புள்ள ச.,

பீட்ரூட்டை விடுங்கள். அந்தப் பத்து மணி நேரத்தைப் பேசுவோம்.

நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாமல் தானாக இயங்கும் பரிவு நரம்புகள் ரத்தக்குழாயைச் சுருக்கும். குழாயின் உட்சுவரில் சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு விரிக்கும்; பீட்ரூட் சாறு கூட்டக்கூடியது இதைத்தான். சிறுநீர்ப்பை காலியாக இருக்கும்போது குழாய்கள் நெளிநெளியாகச் சுருண்டு கிடக்கும், நிரம்ப நிரம்ப நீண்டு கொடுக்கும். அதனால் வழக்கமான அளவுவரை ரத்தம் அவ்வளவாகக் குறையாது. அதைத் தாண்டிச் சுவர் இறுகினால் குழாய்கள் நசுங்கும். அப்போது நைட்ரிக் ஆக்சைடால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. நமக்கென்றால் வலி எழுப்பிவிடும். உங்கள் தம்பிக்கு அந்த உணர்வு இல்லை. அவருக்கு நீங்கள்தான் கடிகாரம்.

இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டு அடிபட்டவர்களைக் கவனித்த டாக்டர் லுட்விக் குட்மன், கடுமையான கிருமி நீக்கத்தோடுதான் கதீட்டர் போடவைத்தார். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகச் சிறுநீரியல் மருத்துவர் ஜாக் லாப்பிடஸ் 1972இல் அதை மறுத்தார். கிருமி உள்ளே போவது மட்டும் நோயல்ல. அளவுக்கு மீறி விரிந்த சுவரில் ரத்தம் குறைகிறது, எதிர்க்கும் சக்தி போகிறது, அப்போதுதான் கிருமி வேரூன்றுகிறது என்றார். கழுவிய கையும் சுத்தமான டியூபும் போதும், நேரம் தவறக் கூடாது என்பது அவர் கட்சி. என் கட்சியும் அதுதான்.

கையுறை இல்லையென்று பத்து மணி நேரம் ஒரு பையை நசுக்கி வைக்கலாமா? நாளுக்கு 2 லிட்டர் யூரின் போகிறவருக்கு அதற்குள் 800 மி.லி.க்கு மேல் சேர்ந்திருக்கும். அது வடிந்ததும் ரத்தம் திடீரென்று பாய்கிறது. அந்தப் பாய்ச்சலே திசுவைத் தாக்கும் வேதிப்பொருள்களை உண்டாக்குகிறது. இது திரும்பத் திரும்ப நடந்தால் நரம்பிழைகள் சாகும், தசை நாராகும், பை விரியாமல் விறைக்கும். உள்ளழுத்தம் 40 சென்டிமீட்டர் நீர் அளவைத் தாண்டி நின்றால் சிறுநீரகமே கெடும். அன்பாகத்தான் செய்கிறீர்கள், தெரியும். ஆனாலும் இது தப்பு.

வீட்டில் ஸ்டெரைல் கையுறை கட்டாயமில்லை. சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள், அவருடைய உறுப்பையும் கழுவுங்கள். டியூபில் ஜெல் தடவி மெதுவாகச் செலுத்துங்கள். யூரின் வந்ததும் இன்னும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உள்ளே. நின்றதும் உருவிவிடாதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள், மறுபடி வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அடியில் தங்குவது அப்போதுதான் வடியும். ஒவ்வொரு முறையும் அளந்து எழுதுங்கள். 500 மி.லி. தாண்டியிருந்தால் அடுத்ததை முன்கூட்டியே எடுங்கள்.

யூரின் கலங்கலாக இருப்பதற்கெல்லாம் மாத்திரை வேண்டாம். குளிர்க்காய்ச்சல் வந்தால் அன்றைக்கே மருத்துவமனை.

நாளுக்கு நான்கிலிருந்து ஆறு முறை. இரவு பதினொன்றுக்கு ஒன்று, காலை ஐந்துக்கு ஒன்று. மாலைக்குப் பிறகு தண்ணீரைக் குறைத்தால் இடையில் நீங்களும் தூங்கலாம்.