கோல்ல நின்னவருக்கு கோச் வேலை தெரியாதா?

அண்ணே வணக்கம். எங்க தோட்டத்து டீமுக்கு ரொம்ப வருசமா கோல்கீப்பரா இருந்தவர கோச்சா போடலாம்னு சொன்னேன். 'ரெண்டு கம்பத்துக்கு நடுவுல நின்னவனுக்கு ஆட்டத்த பத்தி என்ன தெரியும்'னு கமிட்டில சிரிக்கிறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?
– சுங்கை சிப்புட் வாசகர்

தம்பி, சிரிக்கிறவங்ககிட்ட டினோ சோஃப் பேர சொல்லுங்க. 1982ல இத்தாலி வேர்ல்ட் கப் ஜெயிச்சப்ப கேப்டன், கோல்கீப்பர், வயசு 40. கப்ப தூக்குன படம்தான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு, ஆனா 1978ல ஹாலந்துக்காரன் ஆரி ஹான் எங்கேயோ தூரத்துலேர்ந்து அடிச்ச பந்து உள்ள போனதுக்கு வயசாயிடுச்சு கண்ணு தெரியலன்னு மனுசன போட்டு வறுத்துட்டாங்க. வாய தொறக்காம ஆடிக்கிட்டே இருந்தாரு. அப்புறம் 82ல பிரேசிலோட இத்தாலி 3-2ன்னு முன்னால போய்க்கிட்டு இருக்கு, கடைசி நேரத்துல ஆஸ்கார் தலையால முட்டுன பந்த கோட்டு மேலயே அமுக்கி புடிச்சாரு பாருங்க, அது மட்டும் போயிருந்தா 3-3, பிரேசில்தான் செமிக்கு போயிருக்கும்.

கோச்சா? தான் ஆடுன யுவென்டஸ் கிளப்புக்கே வந்து 1990ல யூஃபா கப் (ஐரோப்பா கிளப்புங்களுக்கான கப்), இத்தாலியன் கப் ரெண்டையும் எடுத்துக் கொடுத்தாரு. அதுக்கு பரிசு, சீசன் முடிஞ்சதும் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. ஸ்டைலா ஆட வைக்க வேற ஆள கொண்டாந்தாங்க, அடுத்த சீசன் 7வது இடம். (எனக்கு இதுல கொஞ்சம் சந்தோசம்தான், பொய் சொல்லல.)

2000ல யூரோ கப்புக்கு (ஐரோப்பா நாடுகளோட போட்டி) இத்தாலி டீம அவருதான் கொண்டு போனாரு. மெயின் கீப்பர் புஃபோனுக்கு கையில அடி, தோல்டோவ நிப்பாட்டுனாரு, அந்தாளு செமில ஹாலந்தோட பெனால்டியா புடிச்சு தள்ளிட்டாரு. ஃபைனல்ல ஃபிரான்ஸ் இஞ்சுரி டைம்ல ஒன்னு போட்டு சமமாக்கி, எக்ஸ்ட்ரா டைம்ல கோல்டன் கோல்ல (முதல்ல கோல் போட்டவன் அப்பவே ஜெயிச்சான்) கப்ப எடுத்துட்டுப் போயிட்டான். மறுநாளே ஏசி மிலான் முதலாளி பெர்லுஸ்கோனி, ஃபிரான்ஸோட ஸ்டார் ஸிடான மார்க் பண்ண ஒரு ஆள் போடத் தெரியாதான்னு மட்டமா பேசுனாரு. சோஃப் வேலைய தூக்கிப் போட்டுட்டாரு. கோல் விட்டு திட்டு வாங்குறது கீப்பருக்கு பழக்கம்தான், ஆனா மரியாத இல்லாத பேச்ச எதுக்கு தாங்கணும்? நான் அவர் பக்கம்.

கீப்பருக்கு பாடாங் (மைதானம்) முழுக்க முன்னாடி தெரியும், யாரு எடம் மாறி நிக்கிறான்னு 90 நிமிசமும் கத்திக்கிட்டே இருக்கிறது அவருதான். அது பாதி கோச் வேலை லா. கோல் போட சொல்லித்தர்றதுதான் சந்தேகம், அதுக்கு தோட்டத்துலயே பழைய ஃபார்வர்ட் யாராச்சும் இருந்தா பக்கத்துல நிக்க வைங்க. அப்புறம் கமிட்டிகாரங்கள ஆட்டம் நடக்குறப்ப பெஞ்ச் பக்கம் விடாதீங்க.